கிண்ணம் நிறையத் தேநீர்

"இனிமேல் இந்த வீட்டுப் பிள்ளைங்க எதைப் பார்க்கலாம்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று தோஷ்தெமிர் அறிவித்தான். மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி ஹோசியத் நிமிரக்கூட இல்லை. தோஷ்தெமிர் என்றால் கல், இரும்பு என்று பொருள். பெயர் வைத்தவர்கள் ஹோசியத்தைப் பார்த்ததில்லை, பாவம்.

சங்கதி இதுதான். ஞாயிறன்று மர்கிலான் நகரத் தியேட்டரில் விண்வெளிச் சாகசப் படம். ஹோசியத்துக்கு அன்று தங்கை வீட்டுத் தொட்டில் விருந்து. அங்கே பெண்கள் மட்டும்தான். ஆக, பிள்ளைகளை அப்பன்தான் கூட்டிப் போக வேண்டும். அதே ஞாயிறுதான் நண்பர்கள் முறைவைத்துச் சமைக்கும் பிலாவ் சோற்று விருந்து. வருஷக்கணக்காகக் காத்திருந்து, இந்த முறைதான் தலைமைச் சமையல்காரனின் கரண்டி அவன் கைக்கு வந்திருந்தது; வரிசையில் அவனுக்கு அடுத்தவர் எதிர்வீட்டுக்காரர். அதனால் படம் கெட்ட படமாக இருந்தே தீர வேண்டும்.

"பார்க்காமலே கெட்டதுன்னா பிள்ளைங்க நம்புமாங்க? எதிர்வீட்டு மத்லூபா அந்தப் படத்தோட சிடி குடுத்திருக்கா. டிவில போட்டுப் பாருங்க. ஆனா முழுசா பார்க்காம தீர்ப்பு கிடையாது."

"நான் என்ன அரைகுறை நீதிபதியா? முழுசா பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

படம் ஓடியது. பக்கத்தில் மகன் ஷெராலியும் மகள் நிகோராவும். விண்கலத்தில் ஒருவன் ஒருத்தியைக் கட்டிப்பிடித்தான்.

"டீ கொண்டு வாங்க" என்றான் தோஷ்தெமிர். அவன் அப்பாவும் இப்படித்தான், திரையில் இருவர் நெருங்கினால் பிள்ளைகளை அடுப்படிக்கு விரட்டுவார்.

வந்த கிண்ணம் விளிம்புவரை தளும்பியது. கால் கிண்ணம் ஊற்றினால் மரியாதை, நிறைய ஊற்றினால் "நடையைக் கட்டு" என்பது ஊரறிந்த வழக்கம்.

"என்னடா இது, விருந்தாளியை விரட்டுற மாதிரி?"

"நீதிபதிக்குத் தொண்டை வறளக் கூடாதாம். அம்மா சொன்னாங்க" என்றான் ஷெராலி.

நீதிபதி குடித்தார். ஆறு கண் பூதம் வந்தது: டீ. இறுக்கமான உடையில் ஒருத்தி மிதந்தாள்: டீ. இயந்திர மனிதன் பொய் சொன்னான்: அதற்கும் டீ. அப்புறம் வயிறு வழக்குத் தொடுத்தது. கழிப்பறையோ தோட்டத்துக் கோடியில், பாதாமி மரங்களுக்கு அப்பால். ஓடினான், வந்தான், குடித்தான், மறுபடி ஓடினான். கடைசியாக வந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன தீர்ப்பு?" என்றாள் ஹோசியத்.

"படுமோசம். ஊரையே விட்டுட்டு அந்தக் கட்டிப்பிடிச்சவளோட ஓடிப்போறான் கழுதை."

"அது அவனோட அக்காப்பா" என்றாள் நிகோரா. "சின்ன வயசுல தொலைஞ்சு போனவ. அதைச் சொல்றப்ப நீங்க தோட்டத்துல இருந்தீங்க. நாங்க பார்த்தோம்."

"அப்ப நீங்க முழுசா பார்க்கலை" என்றாள் ஹோசியத்.

"மறுபடி போடு, பார்க்குறேன்."

"மத்லூபா சிடியைத் திருப்பிக் கேட்டு வாசல்லயே நிக்கிறா. ஞாயித்துக்கிழமை தியேட்டர்ல பாருங்க. விட்டுப்போன இடத்தையெல்லாம் பிள்ளைங்க சொல்லித் தருவாங்க."

அழுகை வந்துவிடும்போல் இருந்தது அவனுக்கு. "அப்ப என் கரண்டி?"

ஹோசியத் அவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். இந்த முறை கால் கிண்ணம்தான், மிகுந்த மரியாதையோடு.

"கரண்டியை மத்லூபா புருஷன் நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்க."