மாமனாரின் காரும் நான் நனைத்த புல்லும்

புல்லைக் காப்பாற்றக் கோபக்காரன்தான் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் எவன் கால் வைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட என்னிடம், ஒரு மார்ச் மாதம், பழைய கார்க் கண்காட்சியை மைதானத்தில் நடத்தப்போகிறோம் என்றார்கள்.

கத்தினேன். யாரும் கேட்கவில்லை. அப்படியானால் என் சட்டப்படி நடக்கட்டும் என்றேன். ஒழுகும் எஞ்சினுக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது, வேர் அறுந்துவிடும். முக்கியமாகத் தரை காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த தரை காரைத் தாங்கும். ஈரத்தரை அமுங்கி வேருக்கு மூச்சு முட்டும். ஆகவே கண்காட்சி முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதை எல்லோரிடமும் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். (அந்த விரலை யாராவது அப்போதே உடைத்திருக்கலாம்.)

அந்தச் சமயத்தில்தான் கரமனையில் எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெண் விஜிக்குச் சம்மதம். அவள் அப்பாவுக்குத்தான் என் வேலை இடித்தது. புல்லு வெட்டுவதற்கெல்லாம் சம்பளமாக்கும் என்று நடுவில் பேசியவரிடம் கேட்டாராம். விஜியின் அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. அதைக் கண்காட்சிக்கு ஓட்டிவருவார், விஜியும் வருவாள், என் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது.

முந்தின நாள் மாலை புல்லைப் பார்த்தேன். வெயிலில் வைக்கோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. இதைப் பார்த்தா பெண் கொடுப்பார்? எல்லோரும் போன பிறகு, அவர் கார் நிற்கப்போகும் வரிசைக்கு மட்டும் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கொஞ்சம்தான் விடுவதாக இருந்தேன். அப்போது விஜி போன் செய்தாள். கொஞ்சம் ரொம்பவாகிவிட்டது.

காலையில் அந்த வரிசை மட்டும் பளிச்சென்று நின்றது. நானே பெருமையாகக் கைகாட்டி அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். கார் நின்றது. பிறகு, ஒரு அவசரமும் இல்லாமல், அதன் பின்பக்கம் உட்கார்ந்தது.

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்னால் நின்று தள்ளிய எனக்கு முகம், புதுச் சட்டை எல்லாம் சேறு. அதுகூடப் பரவாயில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற என் புல் வேரோடு பிய்ந்து என் மேலேயே விழுந்தது.

"ஓய், காலை எடும். புல்லு பூரா போறது" என்று கத்தினேன். மாமனார் ஆகப்போகிறவரிடம்.

இறங்கினார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

"இது மைதானமா, வயலா? ஞாறு நடலாம் போலிருக்கே. தண்ணி விட்டது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்க வரேள்னு."

விஜி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "புல்லுக்காக உங்களையே திட்டறார் அப்பா. எனக்காகப் புல்லையே கெடுத்திருக்கார். இன்னும் என்ன பாக்கணும்?"

டிராக்டர் வந்து காரை இழுத்தது. அதன் தடம் வேறு. மண்ணைக் குத்தி இளக்கி, மணல் கொட்டி, புதுப்புல் பதித்தேன். ஓணத்துக்குத்தான் பள்ளம் மூடியது. அதற்குள் எங்கள் கல்யாணமே முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு முற்றம் சிமெண்ட் போட்டது. ஆனாலும் மாமனார் காரை உள்ளே கொண்டுவர மாட்டார். ரோட்டிலேயே நிறுத்தி, இறங்கிவந்து, சிமெண்டைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே குரல் கொடுப்பார்:

"விஜி, நான் வரேன்னு மாப்பிள்ளைக்குத் தெரியுமோ?"