வெளியே போகாத பெட்டி

பெட்டி வாசல் வழியாக வெளியே போய்விடும் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் பதறிப்போனார்.

டேப்பை மறுபடி இழுத்து அளந்தார். கதவின் அகலத்தைவிடப் பெட்டி நாலு விரல் குறைவாகத்தான் இருந்தது. பலகைகளை அறுத்து, இழைத்து, நாலு பக்கமும் நிறுத்தி, மூடி ஒன்றுதான் பாக்கி என்கிற நேரத்தில் இப்படி ஒரு இடி.

"எல்லாரும் பெட்டி கதவுல போகலையேன்னு அழுவாங்க. நீங்க என்ன சார், போகுதேன்னு அழறீங்க?" என்றார் எதிர்வீட்டுத் தச்சர். ரம்பத்தையும் இழைப்புளியையும் இரவல் கொடுத்த பாவத்துக்கு, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"என் மகளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்தவர் அவர். எந்த பீரோவை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தக் கதவில் நுழையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஊரார் வீட்டையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தன் வீட்டுக்கு மகள் தூங்கிய பிறகுதான் வந்து சேர்வார். அவள் நடக்கப் பழகியதைப் பார்க்கவில்லை. சைக்கிள் பழகி விழுந்ததையும் பார்க்கவில்லை. மனைவி போன பிறகு, தனியாக உட்கார்ந்திருக்கிற வேளைகளில் அந்த வருத்தம் அவரைப் பிடுங்கித் தின்றது.

பேத்தி விஷயத்திலாவது கோட்டை விடக் கூடாது என்று நினைத்தார். ஆனால் பேத்தி எப்போதாவது வருவாள். வந்த கொஞ்ச நேரத்திலேயே, "போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்மா" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்காக ஊஞ்சல் வாங்கிப் போட்டார். பேத்திக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் மகள் அதைக் கழற்றித் தன் வீட்டுக்கே கொண்டு போய்விட்டாள். கரும்பலகை வாங்கினார், அதுவும் போயிற்று. பூனைக்குட்டி ஒன்று வளர்த்தார். பேத்தி அதைக் கட்டிக்கொண்டு அழுததில் அதுவும் காரில் ஏறிப் போயிற்று. சோறு போட்டவரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி முயற்சிதான் பொம்மைகள் வைக்கிற இந்த மரப்பெட்டி. பெட்டி இங்கே இருந்தால் பொம்மைகள் இங்கே இருக்கும், பொம்மைகள் இங்கே இருந்தால் பேத்தி அடிக்கடி வருவாள். அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. அதில் மண்ணைப் போட்டது மகளின் போன்.

"அப்பா, பாப்பா பெட்டி எந்த மட்டுல இருக்கு? என்ன அகலம்?"

"எதுக்கும்மா கேக்கறே?"

"சும்மாதான். வாசல் வழியா வெளியே வருமில்ல?"

வாசல் வழியாக வருமா என்று யாராவது சும்மா கேட்பார்களா? ஊஞ்சலைக் கழற்றுவதற்கு முன்னாலும் இதே மாதிரி, "ஸ்டூல் இருக்காப்பா?" என்று சும்மாதான் கேட்டாள்.

மறுநாளே முன்பலகையையும் பின்பலகையையும் பிரித்துப்போட்டு அகலத்தைக் கூட்டினார். இனி எப்படிச் சாய்த்தாலும் கதவில் நுழையாது. ஆனால் அறையில் கட்டிலுக்கு இடமில்லாமல் போயிற்று. கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் போர்வையை விரித்துப் படுத்தார். காலையில் எழுந்து நிமிர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன் வந்தது.

"வாசல்ல வராதா? ஜன்னல் பெருசுதானேப்பா, அந்த வழியா இறக்க முடியாதா? உங்களுக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே."

தெரியும். அதுதான் தொல்லை. எத்தனையோ சோபாக்களை ஜன்னல் வழியாக இறக்கிய கை அது. பெட்டியின் நீளத்தையும் கூட்டினார். இப்போது ஜன்னலுக்கும் பயமில்லை. ஆனால் பெட்டி போய்ச் சுவர் அலமாரியின் கதவில் முட்டிக்கொண்டது. அவருடைய சட்டைகள் எல்லாம் அதற்குள்ளே. போட்டிருந்த ஒன்றையே துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த ஒன்றுக்கும் மூன்றாவது போனில் ஆபத்து வந்தது. "ஸ்க்ரூவைக் கழட்டினா பிரிச்சு எடுத்துடலாம்னு உங்க மாப்பிள்ளை சொல்றாருப்பா" என்றாள் மகள். மாப்பிள்ளைக்கு மூளை உண்டு என்பதை அன்றுதான் சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். ஸ்க்ரூக்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, மூட்டுக்கு மூட்டு பசையைக் கொட்டி ஒட்டினார். ஒட்டியதில் சட்டையின் வலது கையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

தச்சர் கத்தரிக்கோலோடு வந்து அவரைப் பெட்டியிலிருந்து மீட்டார்.

"சார், நான் ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. பேத்தி வரணும், அவ்வளவுதானே? வாயைத் திறந்து மகள்கிட்ட 'ரெண்டு நாள் வந்து இரும்மா'ன்னு சொல்லிட்டா தீர்ந்துபோச்சு."

சூப்பர்வைசர் பெட்டியோடு ஒட்டிக் கிடந்த சட்டைக் கையைப் பிய்த்துப் பார்த்தார்.

"சின்ன வயசுல அவ தினமும் கேப்பா. 'இன்னைக்கு ஒருநாள் வேலைக்குப் போகாதீங்கப்பா, என்கூட இருங்கப்பா'ன்னு கேப்பா. நான் ஒருநாள்கூட இருந்ததில்ல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைப் போய் இரும்மான்னு கேக்கறது?"

தச்சர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை வந்த போன் எல்லாவற்றுக்கும் சிகரம்.

"நாளைக்கு வர்றோம்பா. லாரி சொல்லியிருக்கேன்."

"லாரியா!"

"எல்லாம் நேர்ல சொல்றேன். நல்ல விஷயம்தான்."

யாருக்கு நல்ல விஷயம்? போனை வைத்த கையோடு தச்சரிடம் ஓடி, துளை போடும் மெஷினை வாங்கி வந்தார். பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, அடிப்பலகையைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார். தரையில் வாசல்வரைக்கும் விரிசல் விட்டது.

"வாடகை வீடாச்சே சார்! வீட்டுக்காரர் பார்த்தா?" என்று தச்சர் தலையில் கை வைத்தார்.

"பார்க்கட்டும். பெட்டி போகாது."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் லாரி வந்து நின்றது. எட்டிப் பார்த்தால், அவருடைய பழைய கம்பெனி லாரியேதான். ஓட்டி வந்தவரும் அவரோடு காலம் தள்ளிய அதே டிரைவர். நம் ஆளை வைத்தே நம் வீட்டில் கை வைக்கிறாளே என்று பொங்கிய சூப்பர்வைசர், பெட்டிக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னப்பா இது? கட்டில் நிக்குது, நீங்க பெட்டிக்குள்ள உக்காந்திருக்கீங்க! சட்டைக்குக் கை எங்க?"

"தாத்தா, இது கப்பலா?" என்று பேத்தி தன் கரடிப் பொம்மையோடு தாவி உள்ளே இறங்கினாள்.

"ஆமாண்டா கண்ணு. ஆனா இந்தக் கப்பல் எங்கயும் போகாது."

"அப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். லாரியைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா இப்படிப் பேசறீங்க?"

"ஆமா. இந்த வீட்டுலேர்ந்து இனி ஒரு குண்டூசிகூட உன் வீட்டுக்கு வராது."

"நானும் அவரும் எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணினோம் தெரியுமா?"

"உங்க ஆசை எனக்குத் தெரியாதா? ஊஞ்சல்ல ஆரம்பிச்சு பூனை வரைக்கும் பார்த்தாச்சு."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பூனையைக்கூடவா கணக்கு வெச்சிருக்கீங்க? சரிப்பா. உங்க இஷ்டம். இனிமே கேக்க மாட்டேன்."

பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். பேத்தி கரடியைத் தூக்கிக்கொண்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெட்டி ஜெயித்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு பொம்மைகூட இல்லை. ஒரு காலத்தில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்ற மகளும் இதே மாதிரிதான் கண் கலங்குவாள். அன்றைக்கு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். இன்றைக்கு எழுந்து ஓடிப்போய் நிறுத்தலாம் என்றால் கால் மரத்துப் போயிருந்தது. வேண்டியது இதுவா என்று அவருக்கே அழுகை வந்தது.

ஏற்ற வேண்டாம் என்று போகிறபோக்கில் மகள் சொல்லிவிட்டதால், டிரைவர் ஒன்றும் புரியாமல் கையில் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தார். அவர் முன்னால் அழக்கூடாது என்று சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார்.

"என்னய்யா, என்கிட்டயேவா? நீ பத்து ஆளைக் கூட்டிட்டு வந்தாலும் இந்தப் பெட்டியை அசைக்க முடியாது, தெரியுமில்ல?"

"பெட்டிக்கு மட்டுமா சார் லாரி? அவங்க வீட்டு மாடில உங்களுக்குன்னு ரூம் கட்டி முடிச்சிருக்காங்களாம், சாமானோட உங்களையும் ஏத்திட்டு வரத்தான் சொன்னாங்க."