மாப்பிள்ளை வீட்டு டைல்ஸ் தண்ணீர் குடித்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகளும், புதிதாகத் தவழக் கற்றிருக்கும் பேரனும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் புது வீடும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் நீங்கள், "மாமா, தரையில போட்டிருக்கிற டைல்ஸுக்கும், இடுக்குல அடைச்சிருக்கிற கிரவுட்டுக்கும் தண்ணி இறங்காம இருக்க சீலர் அடிக்கணுமா வேணாமான்னு கேட்டு மட்டும் சொல்லுங்க. பையன் அந்தத் தரையிலதான் தவழப் போறான்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் ஒப்படைத்த முதல் காரியம் இது. கேட்டு மட்டும் சொல்வதற்கு நான் எதற்கு? தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவன் நான். காரியத்தையே முடித்துவிட்டேன். நீங்கள் பெட்டி படுக்கையோடு குடிவர வேண்டியதுதான் பாக்கி.

முதலில் டைல்ஸ் பதித்த மேஸ்திரியைக் கேட்டேன். "எதுக்குமே வேணாம் சார், நான் போட்ட தரைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாத்துக்கும் அடிச்சிடுங்க சார், எதுக்கு வம்பு" என்றார். ஒருவர் வேலையை முடித்துவிட்டுப் போனவர், மற்றவர் சீலர் விற்பவர். இருவர் பேச்சும் எடுபடாது என்று நானே சோதனையில் இறங்கினேன். சோதனை சுலபம். தரையில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட வேண்டியது. சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் சீலர் வேண்டாம், உள்ளே இறங்கிவிட்டால் வேண்டும். காலியான கண்மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஹால், சமையலறை, குளியலறை வாசல் என்று டைல்ஸ் மேல் ஒரு சொட்டு, கிரவுட் மேல் ஒரு சொட்டு வைத்துக்கொண்டே போனேன். பின்னாலேயே வந்த உங்கள் அத்தை, "என்னங்க இது, தரையெல்லாம் தண்ணி?" என்றாள். "சும்மா இரு, சோதனை நடக்குது" என்று அடக்கிவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். பதறாமல் காத்திருப்பதில்தான் பாதிச் சோதனை இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கிரவுட் கறுத்துக் கிடந்தது, சரி, குடித்திருக்கிறது. டைல்ஸ் மேலோ சுவடே இல்லை! எல்லா அறையிலும் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சியிருந்தது. பளபளவென்று பூச்சுப் போட்ட டைல்ஸுக்குக் கிரவுட்டை விடத் தாகம் அதிகம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவன் உங்கள் மாமனார்தான். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்கே சீலர் வாங்கி வந்து, பெயின்ட் அடிக்கிற ரோலரால் தரை முழுக்கத் தாராளமாக உருட்டித் தள்ளினேன். காய்ந்த பிறகு தரை கொஞ்சம் மங்கலாக, பால் சிந்தித் துடைக்காமல் விட்டது போல இருக்கிறது. முன்பு பளபளப்பு கண்ணை உறுத்தியது, இப்போது அந்தத் தொல்லை இல்லை. கால் லேசாக ஒட்டுகிறது. லேசாக என்றால், உங்கள் அத்தை நடந்து போனாள், செருப்பு போகவில்லை. நடக்கத் தோதாகச் செய்தித்தாள் விரித்தேன். அதை எடுக்க வரவில்லை; ஹால் நடுவில் வானிலை அறிக்கையும் சமையலறை வாசலில் வாடகை வீட்டு விளம்பரங்களும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், எலி பிடிக்கவா?" என்றார். வயிற்றெரிச்சல், வேறென்ன. பேரன் வழுக்கி விழுவானே என்ற கவலை இனி உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் அண்ணனும் வீட்டுக்குத் தரை போடுகிறாராமே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாட்டிலோடு வந்து நிற்பேன். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நெடுநாள் வாழ எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சோதனை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அந்தத் தண்ணியா? டைல்ஸ் மேல நின்னதையெல்லாம் நான்தாங்க துணி எடுத்துத் தொடச்சேன். கிரவுட்டுல ஒண்ணும் நிக்கல, அதான் விட்டுட்டேன்" என்றாள். தரையில் ஒரு சொட்டு ஈரம் கண்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். "நீங்கதான சும்மா இருன்னீங்க" என்கிறாள்.

மிச்சமிருந்த ஒரு டைல்ஸை எடுத்து, அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி சோதித்தேன். சொட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. தரைக் கிரவுட்டையும் பார்த்தேன். அது பள்ளத்தில் இருப்பதால் ரோலர் அதைத் தொடவே இல்லை, இன்னமும் குடிக்கிறது. ஆக, வேண்டாததற்கு அடித்திருக்கிறேன், வேண்டியதை விட்டிருக்கிறேன். வேறு கடிதம் எழுதுகிறேன் என்றால், "இதையே அனுப்புங்க, மாப்பிள்ளைக்கும் தெரியட்டும்" என்று பிடிவாதம்.

வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. இனி என்னை நம்பி எதையும் விட மாட்டீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது. இருவரும் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம், சமையலறை தேறிவிட்டது. நீங்கள் கேட்டதற்குப் பதில்: டைல்ஸுக்கு வேண்டாம், கிரவுட்டுக்கு வேண்டும். அதற்குச் சின்ன பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்னால்தான் தொடுவேன். ஒருவேளை அதற்குள் கிளம்பி வந்துவிட்டால், ஹாலில் மட்டும் பேரனை இடுப்பை விட்டு இறக்காதீர்கள். இறக்கினால் தூக்க முடியாது.