கொடிமலைக்கு நான் எடுத்த வரைபடம்

ஜவுளிக்கடைக்காரனை நம்பிக் கல்யாணப் புடவை எடுக்கலாம். வரைபடம் மட்டும் எடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த, துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கொடிமலைக்கு நடந்தே போவோம். வழி உங்க பொறுப்பு," என்றார். மார்க்கெட் தெருவைத் தாண்டி எனக்கு வழி தெரியாது. ஆனாலும் "அதுக்கென்ன!" என்றேன். (பெண் பார்த்துக்கொண்டிருந்தாளே!)

சூலியா தெருவில் பழைய புத்தகம் விற்கும் பாய், இரண்டு வரைபடங்களை எடுத்துப் போட்டார். ஒன்று கசங்கி, பென்சில் கிறுக்கலோடு இருந்தது.

"இதை எடு தம்பி. அடிக்கடி மலை ஏறுறவரு வச்சிருந்தது. மண்ணு சரிஞ்ச பாதையெல்லாம் திருத்தியிருக்காரு லா."

நான் என் தொழில் திறமையைக் காட்டினேன். தாளைத் தடவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், ஓரத்தை எச்சிலால் நனைத்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்தேன். மற்றது நல்ல தடிமன், பளிச்சென்ற வண்ணம், சாயமும் கெட்டி. அதையே எடுத்தேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

கொடிமலை அடிவாரத்தில் இருக்கும் தண்ணீர்மலையிலிருந்து புறப்பட்டோம். கிராணி, அவர் மனைவி, மகள் மரகதம், எல்லோருக்கும் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நான். படத்தில் அகலமான சிவப்புச் சாலை இருந்த இடத்தில் காடு இருந்தது. "கொஞ்சம் புல்லு முளைச்சிருக்கு," என்று சமாளித்தேன். (புல்லா அது? மூங்கில்!) மத்தியானம், அட்டை கடித்த கால்களோடு ஒரு சீனரின் கீரைத் தோட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றோம். கிராணியம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கிராணி என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

மரகதம் படத்தை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள்.

"அப்பா, இது மனை விக்கிறவங்க போட்ட மேப்பு! கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க. இந்த ரோடெல்லாம் இனிமேதான் போடப்போறாங்களாம்."

கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போடாத ரோட்டுல கூட்டிட்டு வந்திருக்காரே மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை என்று அவர் வாயால் கேட்டதும் அட்டைக்கடி மறந்துபோனது.

"இவரை நம்பி உன்னை எப்படிம்மா அனுப்புறது?"

"வழிய நான் பாத்துக்கறேன்ப்பா," என்றாள் மரகதம். தோட்டக்காரரிடம் மலாயில் விசாரித்து, அவளே எங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து பெண் வீடு நாலு கடை தள்ளித்தான். இருந்தும் மாமனார் என் கைக்கு ஒருவராக இரண்டு மைத்துனர்களை நிறுத்தி, "கெட்டியா பிடிங்கடா, இல்லேன்னா கடல் தாண்டி பட்டர்வொர்த் போயிருவாரு!" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

இன்றும் நான் வெற்றிலை வாங்கச் செருப்பை மாட்டினால் போதும், பேத்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "பாட்டி, தாத்தா பட்டர்வொர்த் கிளம்பிட்டாரு!"

மரகதமும் சிரித்துக்கொண்டே கூட வருகிறாள்.