கம்பிக் கூண்டுக்கு வந்த சாமிகள்

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்குப் பெரிய கெடுதல் கிடையாது. பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவனால்தான் கெடுதல். ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு முறை குப்பை பிரிக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாடும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அவர்களுடைய குப்பைத்தொட்டிக்குள்தான் போகும். (நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.)

நாங்கள் இருப்பது கோலசிலாங்கூர் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னக் குடியிருப்பு, தாமான் என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்த வீடுகள். அது என் மனைவி கலாவின் ஊர். நான் டவுனில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். எங்கள் வீட்டுக்கு எதிரே, கால்வாய் ஓரத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது. பழைய மெத்தை, செத்துப்போன டிவி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய பெம்பர்ஸ், பீர் டின் என்று சகலமும் அதில் உண்டு. காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

நகராண்மைக் கழகத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் மேட்டை வாரிக்கொண்டு போய், அந்த இடத்தில் மறுசுழற்சிப் பொருள்கள் போட ஒரு பெரிய கம்பிக் கூண்டை வைத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் வந்து பார்ப்போம், ஒழுங்காக நடந்தால் கூண்டு இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். கூண்டு போனால் குப்பைமேடு திரும்பி வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

என் மாமனார் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். விடியுமுன் லயத்தையே விசில் ஊதி எழுப்பியவர். "மாப்பிள்ளை, இந்த ஜனங்க நான் ஏசியே கேக்காதுங்க. நீங்க சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க. பாப்போம் லா" என்றார். அந்தப் "பாப்போம்" எனக்குச் சுருக்கென்று தைத்தது. இவர் முன்னால் தோற்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

தாமானின் வாட்ஸ்அப் குழுவுக்கு நானே பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். "வீட்ல வச்சிருக்கவும் முடியாம, வீசவும் மனசு வராம, அலமாரிக்குப் பின்னால கெடக்குது பாருங்க, அதையெல்லாம் ஞாயித்துக்கிழமை கூண்டுக்குக் கொண்டாந்துருங்க." எவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன் என்று நானே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஞாயிறு காலை முதலில் வந்தது பக்கத்து வீட்டு சரசு அக்கா. பழைய சேலையில் சுற்றிய ஒன்றை இடுப்பில் வைத்திருந்தார். பிரித்தால் கண்ணாடி விரிசல் விட்ட முருகன் படம். அதைக் கூண்டுக்குள் போடவில்லை. வெளியே கிழக்குப் பார்க்கச் சாய்த்து வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரொம்ப வருசமா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. நீங்க நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன்? கண்ணாடி தனி, கட்டை தனி, காகிதம் தனி என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கலாதான் விளக்கினாள். இந்த ஊரில் பழைய சாமி படத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் மரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். அங்கே இடம் நிரம்பிப் போனதால், இனிமேல் வைக்காதீர்கள் என்று கோயிலில் பலகை மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு உடைந்த படங்களெல்லாம் வீட்டுக்கு வீடு அலமாரிக்குப் பின்னால்தான் கிடந்தன. அந்தச் சாமிகளைத்தான் நான் வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் பிள்ளையார், மாரியம்மன், லட்சுமி, கணக்கில்லாத முருகன் என்று கூண்டைச் சுற்றி ஒரு வரிசை. கூண்டின் கதவையே திறக்க முடியவில்லை. யாரோ செம்பருத்தி வைத்தார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். ஒருவர் பை நிறைய பீர் டின்னோடு வந்தவர், பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உள்ள போடுங்கண்ணே, சாமி வெளியதான இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

சாயங்காலம் செகிஞ்சானிலிருந்து பழைய சாமான் எடுக்கும் சீன அங்கிள் லோரியோடு வந்தார். இறங்கினார், பார்த்தார், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார், கையைக் கூப்பினார். "சாயா தாக் பெரானி, போஸ்" என்றார். தனக்கு அந்தத் துணிச்சல் இல்லையாம். போகிற போக்கில் லோரியிலிருந்த ஓர் ஆரஞ்சை எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

"வீட்டுக்குள்ளயாவது எடுத்து வைக்கட்டுமா?" என்று கலாவைக் கேட்டேன்.

"ஒடஞ்ச சாமி படத்த வீட்ல வைக்கக்கூடாதுங்க" என்றாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்துவிட்டார். முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண். நல்ல மாதிரி. காரிலிருந்து இறங்கியவர், படங்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார். அதுதான் என்னைக் கொன்றது. "இந்தக் கோயில் எப்போது கட்டியது?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். பிறகு, "கூண்டு எங்கே?" என்றார்.

பிள்ளையாரைச் சுட்டிக்காட்டி, அவருக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். தெருவே கூடி நின்றது. கூண்டு போகப்போகிறது, மெத்தையும் பெம்பர்ஸும் திரும்பி வரப்போகின்றன, மாமா சொன்னது நடக்கப்போகிறது. வாய் அதுபாட்டுக்குப் பேசிவிட்டது: "இதுவும் மறுசுழற்சிதான். படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் மாற்றி, வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்கப்போகிறோம்."

"யார் செய்வது?"

குப்பை விஷயத்தில் ஒருநாளும் ஒன்றுசேராத அந்தத் தெரு, ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டியது. பின்னாலிருந்து மாமாவின் குரல் மலாயில் வந்தது. "என் மருமகன். சான்றிதழ் வச்சிருக்கார்." காப்பாற்றினாரா, மாட்டிவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரிக்கோ ஒரே சந்தோஷம். கூண்டு இருக்கட்டும், வேலை முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றார்.

அப்புறம் வாராவாரம் போர்ட்டிக்கோவில் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்தேன். கண்ணாடி கிழிக்காத விரல் இல்லை. முதல் முருகனை முடித்து, பெருமையோடு சரசு அக்காவிடம் கொண்டுபோனேன்.

கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. ஆனா நாங்கதான் புதுசு மாட்டிட்டோமே."

வீட்டுக்கு வீடு இதே பதில். கலாவுக்கும் இப்போது ஆட்சேபம் இல்லை. "ஒடஞ்சதுதான் ஆகாது. இதெல்லாம் நல்லாருக்கே, வெளிய வச்சா பாவம்" என்றாள். ஆக, சாமிகள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் சுவர் என்ன நிறம் என்று இப்போது எனக்கே ஞாபகமில்லை. கூண்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. பீர் டின்னால் நிறைகிறது, அங்கிளும் தவறாமல் வருகிறார்.

சின்ன மகளின் காதுகுத்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்கார அம்மா ஒருவர், வாசலிலேயே நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து, "மாப்பிள்ளைக்கு இம்புட்டு பக்தியா" என்றார்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பக்தி இல்லம்மா. ஸ்டாக்கு."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாமி கும்பிடுவதில்லை, ஸ்டாக் பார்க்கிறோம். என் பெரிய மகள்கூடப் பரீட்சை அன்று காலையில், "இருங்கப்பா, ஸ்டாக் பாத்துட்டு வந்துர்றேன்" என்றுதான் உள்ளே ஓடுகிறாள்.