ஞாயிற்றுக்கிழமைப் பென்குவின் மீட்பர்

எங்கள் கடற்கரையில் பென்குவின்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன. பென்குவின் மீட்பர் என்ற இனம் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. பென்குவினுக்கு மத்தி மீன் கிடைப்பதில்லை. கப்பல் கசியவிட்ட எண்ணெயில் இறகு ஒட்டிக்கொள்கிறது. மீட்பருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவருடைய இரை தேநீரும் பாராட்டும்தான். கேப் டவுனுக்குத் தெற்கே இரண்டும் தாராளம்.

மீட்பரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? அடிபட்ட கடற்பறவைகளைப் பராமரிக்கும் பறவை இல்லத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தொண்டு வேலைக்கு மட்டும் போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கியைச் செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்கப் போகும்போதும் போட்டிருப்பார். சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, தழும்பு தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்று, ஐந்து உருளைக்கிழங்கை அரைமணி நேரம் பொறுக்குவார். நீங்கள் கேட்கவில்லையென்றால் அவரே ஆரம்பிப்பார்: "இதுவா? ஒண்ணுமில்ல, ஒரு பென்குவின் பயத்துல கொத்திடுச்சு." பறவை இல்லத்தில் அவருடைய வேலை துண்டு துவைப்பது. வாயைத் திறந்தால், "போன மாசம் நாங்க நாப்பது பேரைக் கடலுக்கு அனுப்பினோம்." நாற்பதில் ஒன்றையாவது அவர் தொட்டிருப்பாரா? துண்டைத் தொட்டிருக்கிறார்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் தழும்பு என் இடது கையில்தான் இருக்கிறது. அதுவும் பென்குவின் கொத்தியதல்ல. துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவு.

நான் லியோனல் அரெண்ட்ஸ். முப்பத்தோரு வருடம் அஞ்சலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். போன மே மாதம், கரைக்கு மேலே உள்ள புதருக்கடியில் ஒரு பென்குவின் படுத்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அங்கேயே இருந்தது. சனிக்கிழமையும். ஞாயிறு காலையிலும் எழுந்திருக்கவில்லை. கண்ணில் ஒரு சோர்வு. அஞ்சலகத்தில் எத்தனை பேரிடம் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது?

"முதல்ல ஸோலிஸ்வாவுக்குப் போன் பண்ணு," என்றாள் என் மனைவி மெர்ல். ஸோலிஸ்வாதான் பறவை இல்லத்தின் தலைமைப் பராமரிப்பாளர்.

"அவங்க வர்றதுக்குள்ள அது போயிடும்."

"எங்க போகும்? மூணு நாளா படுத்தே கிடக்குன்னு நீதானே சொன்ன?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மீட்பர் பதில் சொல்வதில்லை. ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்பக்கமாகப் போய் ஒரே அமுக்கு. கழுதை மாதிரி கத்தியது. நன்றி சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என் மூக்கை அதன் அலகிலிருந்து காப்பதிலேயே கவனமாக இருந்ததால் புதருக்குள் வேறென்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பெட்டியில் வைத்து இருபத்தைந்து நிமிடம் கார் ஓட்டினேன். வழியெல்லாம் அதற்கு ஆறுதல் சொன்னேன்.

ஸோலிஸ்வா பறவையைப் புரட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"எங்க எடுத்தீங்க அங்கிள்?"

"மேல் புதர்ல. மூணு நாளா சோர்ந்து கிடந்தான், பாவம்."

அடிவயிற்று இறகை விலக்கிக் காட்டினாள். நடுவே இறகே இல்லாமல் வெறும் தோல். "இது என்ன தெரியுதா?"

"காயமா?"

"அடைகாக்குற இடம். இது சோர்ந்து கிடக்கல அங்கிள். முட்டை மேல உக்காந்திருந்துச்சு. ஜோடி கடலுக்குப் போயிருக்கும். ரெண்டும் மாத்தி மாத்தி உக்காரும்."

"அப்ப முட்டை?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கிறேன்."

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பறவை பெட்டிக்குள் என் மடியில் இருந்தது. புதரை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு கடற்காகம் வெளியே வந்தது. அதன் அலகில் மஞ்சள் வழிந்தது. ஒரு முட்டை உடைந்து கிடந்தது. இன்னொன்று வேரோரம் உருண்டு போயிருந்தது. பெட்டியைத் திறந்ததும் பறவை கூட்டுப் பக்கம் திரும்பாமல், விழுந்தடித்துக்கொண்டு கடலுக்குள் ஓடியது. யாராயிருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள்.

ஸோலிஸ்வா மீதி முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இன்னும் முழுசா குளிரல. சட்டையைத் தூக்குங்க."

"என்னது?"

"நான் வண்டி ஓட்டணும். வேற வயிறு இங்க இல்ல."

அப்படியாக, தாராளமாக வளர்ந்த என் வயிற்றில் முட்டையை ஒட்டவைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தும்மல் வந்தது, அடக்கினேன். முதுகு அரித்தது, விட்டுவிட்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய்த் திரும்பி வந்தது. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஸோலிஸ்வா ஓரக்கண்ணால் பார்த்தாள். "உங்க மூஞ்சிய இப்ப யாராவது பாத்தா, பாவம்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க அங்கிள்."

பறவை இல்லத்தின் அடைகாப்புப் பெட்டியில் பத்தொன்பதாம் நாள் முட்டை பொரிந்தது. உள்ளங்கையளவு, ஈரமாய், கண் திறக்காமல் ஒரு குஞ்சு. நான் பெயர் வைக்கப் போனேன். அவர்கள் நூற்றுப் பதினான்கு என்று எண் போட்டார்கள். மீன் கூழ் குடித்து, பிறகு முழு மத்தி விழுங்கி, செப்டம்பரில் மற்ற பறவைகளோடு கடலுக்குப் போனது. நான் கரையில் நின்று கையாட்டினேன். அது என்னை ஏன் பார்க்கப் போகிறது?

இப்போது எங்கள் தெருவில் யார் தேநீருக்குக் கூப்பிட்டாலும் போய், வயிற்றில் வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன். நன்றாகவே எடுபடுகிறது. அந்த முட்டைக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது என்ற பகுதியை மெர்ல் கூட இருந்தால் மட்டும் சொல்வேன். நான் விட்டாலும் அவள் விடுவதில்லை. கடலிலிருந்து திரும்பிய ஜோடிப் பறவை வெறுங்கூட்டின் முன்னால் இரண்டு நாள் நின்று கத்தியது என்று ஸோலிஸ்வா சொன்னாள். அதை மெர்லிடம்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பென்குவின் இல்லை என்ற தைரியம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் மகள், சொந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிற அத்தை, வேலையை விட்டுவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி, இவர்களெல்லாம் உங்கள் ஊரிலும் உண்டல்லவா? போன வாரம்கூட யாரையோ காப்பாற்றினீர்களாம், கேள்விப்பட்டேன். அவர் இப்போது எப்படி இருக்கிறார்?