செத்துப்போன கேப்டனின் இரண்டாம் பாகம்

"ஆளுதான் செத்துட்டானே" என்றாள் ஷிரின் பானு, கீரை ஆய்ந்துகொண்டே. "செத்தவன வச்சு என்னத்த ரெண்டாம் பாகம் எழுதப் போறிய?"

அதுதான் அவள் புருஷன் ஷேக் ஃபரீதின் பிரச்சினை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் லுங்கிக் கடை வைத்திருக்கிறவருக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? போன வருடம் ஒரு விண்வெளி நாவல் எழுதித் தொலைத்துவிட்டார்; நோட்டில் எழுதும்போதே ஷிரின் பானு அதைப் படித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்தில் கேப்டன் இர்ஷாத் ராக்கெட்டோடு சூரியனுக்குள் போய்ச் சாம்பலாகிறான். கடைசியில் யாராவது செத்தால்தான் இலக்கியம் என்று யாரோ இவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

புத்தகம் வந்த அன்று பின்னட்டையில் இருந்த தன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே புரட்டவில்லை. தான் எழுதியதைத் தானே படித்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஊர் படித்தது. இருபது வருடமாக "சாயம் போகுமா பாய்?" என்று மட்டும் கேட்ட ஊர், "அடுத்து என்ன ஆச்சு பாய்?" என்று கேட்க ஆரம்பித்தது. கரிவலம்வந்தநல்லூர் அப்துல் ஜப்பார் நடுரோட்டில் பைக்கை நிறுத்தி, "கேப்டன் எப்படித் தப்பிச்சான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஷேக் ஃபரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தாளர் என்று மதித்து ஒருவர் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷத்தில், அச்சகம் வைத்திருக்கும் விஜயராஜிடம், வருகிற ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இரண்டாம் பாகம் என்று வாயை விட்டுவிட்டார். மறுநாளே சுவருக்குச் சுவர் போஸ்டர். இனி எழுதாவிட்டால் ஊர் பழையபடி சாயத்தைத்தான் விசாரிக்கும்.

"கேப்டனுக்கு இரட்டைப் பிறவித் தம்பி ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்குவோம்" என்றார் மனைவியிடம்.

"அனாதைன்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கியளே."

சரி, கால இயந்திரம். பத்து வருடம் பின்னால் போய் இளவட்ட இர்ஷாத்தைக் கூட்டிவந்தார். பாதி நோட்டு தீர்ந்ததும் ஷிரின் பானு வாங்கிப் படித்தாள்.

"இவனுக்கு இருபத்தஞ்சு. இவன் பொண்டாட்டிக்கு முப்பத்திரண்டு. அவ இவன என்னங்கன்னு கூப்பிடுவாளா, தம்பின்னு கூப்பிடுவாளா?"

அதைச் சரிக்கட்டக் கேப்டனின் மனைவியையும் பத்து வருடம் பின்னாலிருந்து கூட்டிவந்தார். அங்கே கல்யாணம் நின்றுபோனது. கல்யாணம் இல்லாததால் கேப்டனின் மகள், எட்டு வயது மேதை அப்ரா பிறக்கவில்லை. ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததே அப்ராதான். ஆக, ராக்கெட்டும் போச்சு.

கடைசியில், கேப்டனின் வெட்டிப்போட்ட நகத்திலிருந்து ஆளை முளைக்கவைத்தார். விஞ்ஞானக் கோளாறில் நாலு இர்ஷாத் முளைத்துவிட்டார்கள்.

"ராக்கெட்ல ஒரு சீட்டுதான. நாலு பேருல யாரு ஓட்டுதா?"

"ஷிப்டு போட்டு ஓட்டுவான்."

"அப்ப ராக்கெட்டுக்குப் பதிலா தறி ஓட்டச் சொல்லுங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

தபசுக்குப் பத்து நாள் இருக்கையில், முந்நூறு பக்கத்தையும் சுமந்துகொண்டு அச்சகத்துக்குப் போனார் ஷேக் ஃபரீத். அதில் முதல் நூறு பக்கம், செத்தவன் எப்படிப் பிழைத்தான் என்பதற்கான விளக்கம் மட்டுமே. எழுதி எழுதி விரல் வீங்கியிருந்தது.

விஜயராஜ் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பாய், இதுல கேப்டன் செத்துட்டான்னு வருதே."

"மொதப் பாகத்துலயே செத்துட்டாம்லா வே."

"எப்ப?"

"கடைசி அத்தியாயத்துல. அச்சடிச்சவரு நீரு, படிக்கலையா?"

"புஸ்தகமா வந்தப்புறம் ரெண்டு தடவ படிச்சேனே. சூரியனுக்குக் கிட்டப் போயிட்டிருக்கான், அதோட நிக்குது. எழுத்தாளருல்லா, அப்படித்தான் நிப்பாட்டுவியன்னு நெனச்சேன்."

ஷேக் ஃபரீத் மேஜை மேல் கிடந்த முதல் பாகத்தை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பாதி வாக்கியத்தோடு முடிந்திருந்தது. அடுத்தது பின்னட்டை. அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூலையில் தபசு நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்த, அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் பூமாரி, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அந்தக் கடைசிப் பதினாறு பக்கமா அண்ணாச்சி? போன தபசு நோட்டீஸ் அவசரத்துல, அதச் சேத்துத் தைக்க மறந்துட்டேன். ஊரே ஒரு வருசமா உங்ககிட்ட அதத்தான கேட்டுட்டு அலையுது."